மாஸ்டர் இல்லாத ஸ்டேஷன்!

முதலில் ஒரு விடுகதை. மாஸ்டர் கிடையாது, மணி கிடையாது, சிக்னல் கிடையாது, போர்ட்டர் கிடையாது, 'காப்பி... காப்பி...' குரல் கிடையாது. ஆனாலும் ரயில் வந்து நிற்கும், ஆள் ஏறும், ஆள் இறங்கும். அது என்ன?

தலையைச் சொறிய வேண்டாம். விடை - ஹால்ட்!

மாம்பலத்தில் ரயில் ஏறியே பழகிய நமக்கு இது புரிவது கொஞ்சம் கஷ்டம். அங்கே ரயிலிலிருந்து நாம் இறங்குவதில்லை, இறக்கப்படுகிறோம். அப்படியே படியேறி, பாலம் தாண்டி, ரங்கநாதன் தெருவில் கொட்டப்படுகிறோம். பிளாட்பாரம் என்ன நிறம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பார்த்தால்தானே!

அதே நீங்கள் திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் பாசஞ்சரில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். பேட்டை, காருகுறிச்சி, கீழ ஆம்பூர், ராவணசமுத்திரம் என்று ஒவ்வொன்றாக வரும். ஒரு மஞ்சள் போர்டு. ஒரு சின்னக் கட்டடம். வேப்பமரமோ புளியமரமோ ஒன்று - அதுதான் வெயிட்டிங் ஹால். வண்டி நிற்கும். கூடையோடு ஒரு அம்மா, ஸ்கூல் பையோடு இரண்டு பிள்ளைகள், வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர். ஒரு நிமிஷம். பச்சைக் கொடி. வண்டி கிளம்பிவிடும். அப்புறம் அடுத்த வண்டி வரும்வரை அந்த இடத்துக்குக் காவல் ஆடு மாடுதான்.

இந்தச் சின்ன ஸ்டேஷன்களுக்கு இப்போது ஒரு ஆபத்து. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆபத்தைச் சொல்வதற்கு முன்னால் ஆளை அறிமுகப்படுத்த வேண்டாமா?

யார் நிறுத்துகிறார்கள்?

ரயில்வேயில் ஸ்டேஷன்களுக்கு ஜாதகம் உண்டு. ஏ, பி, சி என்பவை 'பிளாக்' ஸ்டேஷன்கள். அதாவது, "இங்கிருந்து அடுத்த ஸ்டேஷன் வரை லைன் காலி, நீ போகலாம்" என்று அனுமதி கொடுக்கும் அதிகாரம் உள்ளவை. அதற்காகத்தான் மாஸ்டர், சிக்னல், டெலிபோன் எல்லாம்.

ஹால்ட் என்பது 'டி' கிளாஸ். அனுமதி கொடுக்கும் வேலை அதற்கு இல்லை. முந்தின ஸ்டேஷனில் வாங்கிய அனுமதியோடு வண்டி வருகிறது, நடுவழியில் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, போகிறது. மாஸ்டர் இல்லாவிட்டாலும் விபத்து பயம் இல்லை என்பது இதனால்தான். டைம்டேபிளில் 'நிற்கும்' என்று போட்டிருப்பதால் டிரைவர் நிறுத்துகிறார். எல்லாரும் ஏறியாயிற்றா என்று பார்த்து, கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு கொடி காட்டுகிறார். (கார்டு என்று சொல்லக்கூடாதாம். 2022 ஜனவரியிலிருந்து அவர் 'ட்ரெயின் மேனேஜர்'. பதவி பெரிசானாலும் கொடி அதே பச்சைதான்.)

அந்த மஞ்சள் போர்டையும் ஒரு நிமிஷம் கவனியுங்கள். தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றிலும் பேர். அடியில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்ற கணக்கு. சில ஊர்களுக்கு உலகத்தில் வேறு எங்கேயும் இத்தனை பெரிய எழுத்தில் பேர் எழுதி வைக்கப்பட்டிருக்காது. 'எங்க ஊர்' என்று கைகாட்ட ஒரு போர்டு இருப்பது சின்ன விஷயமா என்ன?

கமிஷன் மாஸ்டர்!

சரி, மாஸ்டர் இல்லை. டிக்கெட்?

அதற்கு ஒருவர் இருப்பார் - ஹால்ட் ஏஜென்ட். ரயில்வே ஊழியர் அல்ல. சம்பளம் இல்லை, பி.எஃப். இல்லை, பாஸ் இல்லை. பெரும்பாலும் அந்த ஊர்க்காரர். ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, பக்கத்துப் பெரிய ஸ்டேஷனிலிருந்து டிக்கெட் வாங்கி வந்து, வண்டி வரும் நேரத்துக்கு கவுண்டரைத் திறந்து விற்பார். விற்றதற்குத் தகுந்த கமிஷன். வண்டி போனதும் பூட்டிவிட்டு வயலுக்கோ, பெட்டிக்கடைக்கோ போய்விடுவார். ரயில் லேட் என்றால் ஊரே அவரைத்தான் கேட்கும். அவர் யாரைக் கேட்பார்? தெரிந்த ஸ்டேஷனுக்கு போன் போட்டு விசாரித்துச் சொல்வார். அதற்குக் கமிஷன் கிடையாது.

கம்ப்யூட்டர் டிக்கெட் எல்லா ஊருக்கும் வந்த பிறகும், அந்தக் காலத்துக் கெட்டி அட்டை டிக்கெட் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது இந்த ஹால்ட்களில்தான். அதிலே ஒரு பொருத்தம் இருக்கிறது. அட்டை டிக்கெட்டைக் கண்டுபிடித்தவர் தாமஸ் எட்மண்ட்சன் என்கிற இங்கிலீஷ்காரர். மரச்சாமான் தொழிலில் நொடித்துப்போய், 1830-களில் ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனில் வேலைக்குச் சேர்ந்தவர். கையால் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வழக்கத்தில் பணம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. வரிசையாக நம்பர் அச்சடித்த அட்டை போட்டார். காலையில் எந்த நம்பர், சாயங்காலம் எந்த நம்பர் - கழித்துப் பார்த்தால் எத்தனை விற்றது என்று தெரிந்துவிடும். ஆக, டிக்கெட் என்பது பயணம் செய்யக் கொடுத்த அனுமதிச் சீட்டு மட்டுமல்ல, கணக்குச் சீட்டும்கூட! இந்த விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஒரு பி.காம். கணக்கு

கணக்கு என்று சொன்ன பிறகு என் கை சும்மா இருக்குமா? பி.காம். படித்த தோஷம். டெபிட், கிரெடிட் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

ஒரு ஹால்ட்டில் தினம் 30 பேர் டிக்கெட் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 10 ரூபாய். ஒரு நாளைக்கு 300. வருஷத்துக்கு 1,09,500 ரூபாய்.

இப்போது மறுபக்கம். ஏழாவது சம்பளக் கமிஷன் கணக்குப்படி, புதிதாகச் சேரும் ஸ்டேஷன் மாஸ்டரின் அடிப்படைச் சம்பளம் மாதம் 35,400 ரூபாய். ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட், மூன்று பேர். மொத்தம் 1,06,200. இது ஒரு மாதத்துக்கு! பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படியெல்லாம் நான் சேர்க்கவே இல்லை.

அதாவது, அந்த ஸ்டேஷனின் ஒரு வருஷ வசூல், மூன்று மாஸ்டர்களின் ஒரு மாத அடிப்படைச் சம்பளத்துக்குச் சரியாகப் போய்விடும். மீதி 3,300 ரூபாயில் போர்டுக்கு மஞ்சள் பெயின்ட் வேண்டுமானால் அடிக்கலாம்.

'ஆள் போட மாட்டேன் என்கிறானே ரயில்வேக்காரன்' என்று திட்டுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். சின்ன ஊருக்கு முன்னால் இருக்கும் கேள்வி 'ஆள் உள்ள ஸ்டேஷனா, ஆள் இல்லாத ஸ்டேஷனா?' என்பதல்ல. 'ஆள் இல்லாத ஸ்டேஷனா, இல்லை... ஸ்டேஷனே இல்லையா?' என்பதுதான்.

2017-ல் ரயில்வே தன் ஸ்டேஷன்களை மறுபடி தரம் பிரித்தபோது ஹால்ட்களையும் வருமானப்படி மூன்றாகப் பிரித்தது. வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய்க்குள் சம்பாதிப்பவை கடைசிப் படி. நான் சொன்ன ஹால்ட் அந்தப் படியிலும் அடியில் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால், பேலன்ஸ் ஷீட்டில் ஏறாத வரவும் உண்டு, ஸார்! அந்த 30 பேரில் ஒருவர் டவுன் ஆஸ்பத்திரிக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் போகிறார். ஒரு பெண் காலேஜுக்குப் போகிறாள். கூடைக்கார அம்மாவின் வெண்டைக்காய் வாடுவதற்குள் மார்க்கெட் போய்ச் சேர்கிறது. இதையெல்லாம் எந்தக் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எழுதுவது? எங்கள் புரொபசர் சொல்லித் தரவில்லை.

பத்து ரூபாய் முப்பது ஆன கதை

2020 மார்ச்சில் கொரோனா வந்தது, ரயில்கள் நின்றன. திரும்ப ஓட ஆரம்பித்தபோது பாசஞ்சர் வண்டிகள் பல 'ஸ்பெஷல்' என்று நாமகரணம் செய்துகொண்டு வந்தன. வேகம் அதே பாசஞ்சர் வேகம்தான், கட்டணம் மட்டும் எக்ஸ்பிரஸ்! குறைந்தபட்சம் 10 ரூபாயாக இருந்த டிக்கெட் 30 ரூபாய் ஆயிற்று. பல சின்ன ஸ்டேஷன்களில் வண்டி நிற்கவே இல்லை, கையைக் காட்டிவிட்டுப் போனது.

சென்னையில் புறநகர் ரயிலில் போகிறவர்களுக்கு இந்தச் சூடு தெரியாது. அடுத்த ஊருக்குப் போய் வர தினம் 60 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்த கூலிக்காரருக்குத் தெரியும். அதே சமயம், 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை. ஸ்டேஷனுக்கு வெளியே இலவச பஸ், உள்ளே முப்பது ரூபாய் ரயில். நீங்களாயிருந்தால் எதில் ஏறுவீர்கள்?

2024 பிப்ரவரி கடைசியில் மறுபடியும் பத்து ரூபாய்க்கு இறங்கினார்கள். நல்லதுதான். ஆனால், நாலு வருஷத்தில் ஜனங்களின் கால் வேறு பாதைக்குப் பழகிவிட்டது. வியாபாரம் இல்லாத கடையில் யார் உட்காருவார்? கமிஷனை நம்பியிருந்த ஏஜென்ட் விலகினால், 'ஏஜென்ட் தேவை' என்று அறிவிப்பு வரும். ஆள் வர மாட்டார். ஏஜென்ட் இல்லை, அதனால் டிக்கெட் விற்பனை இல்லை. விற்பனை இல்லை, அதனால் 'இந்த ஸ்டேஷனில் கூட்டமே இல்லை' என்று ஃபைலில் எழுதுவார்கள். நாய் தன் வாலைத் துரத்துகிற மாதிரி இது சுற்றிக்கொண்டே இருக்கும், ஒருநாள் ஸ்டேஷனை மூடும்வரை.

வெறும் பயமுறுத்தல் இல்லை. 2025 மே மாதம், பாலக்காடு கோட்டம் கேரளாவில் சிறக்கல், வெள்ளறக்காடு என்ற இரண்டு சின்ன ஸ்டேஷன்களை மூடுவதாக அறிவித்தது. காரணம்? வருமானம் போதவில்லை.

நம் ஊரிலும் பழைய உதாரணம் உண்டு. 1980-ல் 'ஒருதலை ராகம்' பார்த்துவிட்டு வேஷ்டி முனையில் கண்ணைத் துடைத்துக்கொண்ட தலைமுறைக்கு அந்தக் காலேஜ் ரயில் மறந்திருக்காது. மாயவரம் - தரங்கம்பாடி லைன்! முப்பது கிலோமீட்டர். வழியில் செம்பொன்னார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார். 1926-ல் போட்டது. 1986-ல் 'நஷ்டம்' என்று நிறுத்தினார்கள். மீண்டும் ரயில் வேண்டும் என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சினிமாவில் ஓடிக்கொண்டிருக்கிறது, நிஜத்தில் இல்லை. மூடுவது ஒரே ஒரு உத்தரவு. திறப்பது ஒரு தலைமுறை வேலை.

ஜப்பானில் பாதிக்குப் பாதி

'இதெல்லாம் நம் ஊர் தலையெழுத்து. ஜப்பான்காரன் எப்படி ரயில் விடறான் பாருங்கோ!' - மயிலாப்பூர் மாடவீதித் திண்ணையில் ஒரு மாமா இப்படிச் சொல்வது நிச்சயம்.

பார்ப்போமே! மின்னல் வேக ஷிங்கான்சென் ஓடும் அந்த ஜப்பானில், சுமார் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ஸ்டேஷன்களில் கிட்டத்தட்ட பாதி, ஆளில்லா ஸ்டேஷன்கள். ஊரில் இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், கிழவர்கள் மிச்சம். ஆள் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. அங்கேயும் இதே கணக்குதான், கரன்சி மட்டும் யென்.

ஆனால், டிக்கெட்டுக்கு அவர்கள் செய்த ஏற்பாடு அழகு. பெட்டி ஒன்றோ இரண்டோ. டிரைவர் ஒருவரே. நீங்கள் ஏறும் வாசலில் ஒரு மிஷின் நம்பர் போட்ட துண்டுச் சீட்டைத் துப்பும். டிரைவருக்கு மேலே உள்ள பலகையில், 'இந்த நம்பர்காரர் இப்போது இறங்கினால் இவ்வளவு' என்று கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். இறங்கும்போது டிரைவர் பக்கத்தில் உள்ள உண்டியலில் சீட்டையும் காசையும் போட வேண்டும். அதாவது, ஆளை ஸ்டேஷனிலிருந்து எடுத்து ரயிலுக்குள் உட்கார வைத்துவிட்டார்கள்.

2016-ல் உலகமே உருகிய ஒரு கதை ஞாபகமிருக்கிறதா? ஹொக்கைடோ தீவில் பனிக்காட்டு நடுவே ஒரு ஸ்டேஷன். ஒரே ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுக்காக ரயில்வே அதை மூடாமல் வைத்திருக்கிறது என்று ஃபேஸ்புக்கெல்லாம் கண்ணீர். கதை பாதி நிஜம். ஸ்டேஷன் பேர் க்யூ-ஷிராதாகி. அங்கே வழக்கமாக ஏறியது அந்த மாணவிதான். ஆனால், அதே ரயிலில் மற்ற ஊர்ப் பிள்ளைகளும் வந்தார்கள். ரயில் அவளுக்காக மட்டும் ஓடவில்லை. ஜப்பானில் டைம்டேபிள் மாறுவதும் மார்ச், பள்ளி வருஷம் முடிவதும் மார்ச். அவள் படிப்பு முடிந்த அந்த மார்ச் 26-ம் தேதி ஸ்டேஷனையும் மூடினார்கள். மிகைப்படுத்தாமல் சொன்னாலும் நெஞ்சைத் தொடுகிறதா, இல்லையா? கடைசிப் பயணி போனதும் ஸ்டேஷன் போய்விட்டது என்பதுதான் அந்தக் கதையின் சாரம்.

இன்னொரு ஸ்டேஷன் கதை சிரிப்பாக முடியும். வாகயாமா பக்கம் கிஷி என்ற சின்ன ஊர். செலவைக் குறைக்க 2006-ல் ஸ்டேஷனிலிருந்து ஆளை எடுத்துவிட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் வளர்த்த 'தாமா' என்ற பூனை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. ரயில் கம்பெனி 2007 ஜனவரியில் அந்தப் பூனையையே ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கியது! தலைக்குத் தொப்பி. சம்பளம், பூனைச் சாப்பாடு. பூனையைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் டிக்கெட் வாங்கி வந்தார்கள். மூட இருந்த லைன் பிழைத்தது. 2015-ல் தாமா இறந்தபோது பெரிய மனிதருக்குச் செய்வது போல இறுதி மரியாதை. அடுத்து வேறொரு பூனைக்கு அந்தப் பதவி.

நம் ஹால்ட்களில் ஆடுகளுக்குப் பதவி கொடுத்தால் பிரச்னை வரும். கணக்குப் புத்தகத்தையே தின்றுவிடும்.

ரயிலோடு வந்த கேட்கீப்பர்

ஆளை ரயிலுக்குள் வைப்பதில் நாமும் சளைத்தவர்களில்லை. 2019 ஜூனில் திருவாரூர் - காரைக்குடி அகல ரயில் பாதையில் வண்டி விட்டார்கள். சுமார் 150 கிலோமீட்டர். லெவல் கிராசிங் ஏராளம், கேட்கீப்பர் பற்றாக்குறை. என்ன செய்தார்கள் தெரியுமா? கேட்கீப்பரை ரயிலிலேயே ஏற்றிவிட்டார்கள்!

கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கி கேட்டைச் சாத்தி ஏறிக்கொள்வார். வண்டி நகர்ந்து கேட்டைத் தாண்டி மறுபடி நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கி, கேட்டைத் திறந்துவிட்டு, ஓடி வந்து ஏறிக்கொள்வார். அடுத்த கேட். மறுபடியும் அதே பரதநாட்டியம். போய்ச் சேர ஆறு மணி நேரத்துக்கு மேல்! பட்டுக்கோட்டையில் ஏறினவர், பேராவூரணி வருவதற்குள் பக்கத்து ஸீட்காரரோடு சம்பந்தமே பேசி முடித்திருக்கலாம்.

பிறகு கேட்டுகளுக்கு ஆள் போட்டார்கள், நேரம் குறைந்தது. சிரிக்கலாம்தான். ஆனால், இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஆளை எடுத்துவிட்டால் வேலை மறைந்துவிடாது. யாராவது அதைச் செய்தாக வேண்டும், அல்லது யாராவது அந்தக் கஷ்டத்தைத் தாங்க வேண்டும்.

பெரும்பாலும் தாங்குவது யார்? பாட்டிகள்! பல ஹால்ட்களில் பிளாட்பாரம் தரையோடு தரை. பெட்டியின் முதல் படி இடுப்பு உயரம். மேலே இருந்து ஒருவர் கையைப் பிடித்து இழுக்க, கீழே இருந்து ஒருவர் தாங்க, 'முருகா!' என்று ஏறவேண்டும். வண்டி நிற்பதோ ஒரு நிமிஷம். சாயங்காலம் ஏழு மணிக்கு வேலை முடிந்து ஒற்றையாக இறங்கும் பெண்ணுக்கு, எரிகிற ஒரு விளக்குதான் போலீஸ், மாஸ்டர் எல்லாம். ஜப்பானிலும் இதே குறைதான். 2020-ல் ஒயிதா என்ற ஊரில் சக்கர நாற்காலிக்காரர்கள், 'ஆளை எடுத்துவிட்டால் நாங்கள் எப்படி ரயில் ஏறுவது?' என்று ரயில் கம்பெனி மேல் வழக்கே போட்டார்கள். நியாயமான கேள்வி. மாஸ்டரைக் கேட்பது பேராசை என்றால், ஏறுகிற உயரத்தில் ஒரு பிளாட்பாரமும் எரிகிற விளக்கும் கேட்பது பேராசை இல்லை.

மயிலையில் ஒரு மாளிகை

இத்தனை தூரம் போவானேன், நம் வீட்டு வாசலுக்கு வாருங்கள். திருமயிலை பறக்கும் ரயில் ஸ்டேஷன். 1995-ல் பீச்சிலிருந்து சேப்பாக்கம் வரை வந்த பாதை, 1997-ல் மயிலாப்பூரைத் தொட்டது. 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி. பக்கிங்காம் கால்வாய்க்கு மேலே, கல்யாண மண்டபம் போல அடுக்கடுக்காகக் கட்டடம். கடைகள், ஆபீஸ்கள் எல்லாம் வரும் என்று நினைத்துக் கட்டியது. மாலையில் மந்தைவெளியிலோ கிரீன்வேஸ் ரோட்டிலோ இறங்கிப் படியில் நடந்து பாருங்கள். உங்கள் செருப்புச் சத்தம் உங்களுக்கே எதிரொலிக்கும்.

இங்கே மாஸ்டர் உண்டு, கவுண்டர் உண்டு, மிஷின் உண்டு. ஆனால், பல மூலைகளில் மனுஷ வாடை இல்லை. அங்கே ஹால்ட்டில் மாஸ்டர் இல்லை, கட்டடம் இல்லை. ஆனால், வண்டி வரும் நேரத்துக்கு மரத்தடியில் ஊரே இருக்கும். 'என்ன மாமா, மெட்ராஸிலேர்ந்து மருமகப்புள்ள வந்தாச்சா?' என்ற விசாரணை இருக்கும். எது ஆளில்லா ஸ்டேஷன் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆளில்லாத வேலை இனி நகரத்துக்கும் வரப்போகிற சமாசாரம்தான். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு வாங்குவது டிரைவர் இல்லாத ரயில்கள். நகரத்தில் ஆளை எடுத்தால் அதற்குப் பேர் 'நவீனம்'. கிராமத்தில் எடுத்தால் 'சிக்கனம்'. வித்தியாசம் என்னவென்றால், நகரத்தில் ஆளுக்குப் பதில் கோடிக்கணக்கில் மிஷின் வைக்கிறார்கள். கிராமத்தில் ஆளுக்குப் பதில் எதுவும் வைப்பதில்லை.

பத்து ரூபாய் ஓட்டு

அப்படியானால் ஹால்ட்டைக் காப்பாற்ற வழியே இல்லையா? இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

ராஜஸ்தானில் சீகர் பக்கம் ரஷீத்புரா கோரி என்று ஒரு ஸ்டேஷன். வருமானம் இல்லை என்று 2005-ல் மூடிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. 'நாங்கள் டிக்கெட் வாங்கிக் காட்டுகிறோம், திறங்கள்' என்று நின்றார்கள். 2009-ல் திறந்தது. டிக்கெட் விற்பது முதல் ஸ்டேஷனைப் பார்த்துக்கொள்வது வரை ஊரே பொறுப்பு.

தெலங்கானாவில் நெக்கொண்டா என்ற ஊர். இது ஹால்ட் இல்லை, ஊழியர்கள் உள்ள ஸ்டேஷன்தான். ஆனால் கதை ஒன்றுதான். ஒரு எக்ஸ்பிரஸ் வண்டியைப் பரீட்சார்த்தமாகச் சில மாதங்கள் நிறுத்துவோம், வருமானம் வந்தால்தான் தொடருவோம் என்றது ரயில்வே. ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள். ஆளாளுக்குப் பணம் போட்டார்கள். தினம் டிக்கெட் வாங்கினார்கள். வாங்கிவிட்டு... ரயிலில் ஏறவில்லை! வீட்டுக்குப் போய்விட்டார்கள்! 2024 ஜனவரியில் இந்தச் செய்தி படித்து நாடே சிரித்தது. எனக்கு அவர்கள் மேல் மரியாதைதான் வந்தது. டிக்கெட் ஒரு கணக்குச் சீட்டு என்பதைப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள். எட்மண்ட்சன் இருந்தால் கை கொடுத்திருப்பார்.

நம் ஊரில் நாம் என்ன செய்கிறோம்? நேர்மாறு! 'நம்ம ஹால்ட்தானே, யார் செக் பண்ணப் போறா?' என்று சும்மா ஏறுகிறோம். டவுனில் இறங்கி, பின்வாசலில் நழுவி, பத்து ரூபாய் லாபம் என்று டீ குடிக்கிறோம். மாட்டினால் அபராதம் குறைந்தது 250 ரூபாய், டிக்கெட் காசு தனி. மாட்டாவிட்டால் நஷ்டம் இன்னும் பெரிசு. 30 பேர் ஏறுகிற இடத்தில் 8 டிக்கெட் என்று கணக்குப் போகும். 'ஜனங்கள் வருகிறார்கள்' என்று எம்.பி.யிடம் மனு கொடுத்தால், அவர்கள் ஃபைலைத் திருப்பி '8' என்று காட்டுவார்கள். அதற்கு யாரிடம் பதில் இருக்கிறது?

'டிக்கெட் கொடுக்க ஆளே இல்லையே, ஸார்!' என்கிறீர்களா? அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 1989-ம் வருஷ ரயில்வே சட்டம் 55-ம் பிரிவு. டிக்கெட் வாங்காமல் ஏற வேண்டிய நிலைமை வந்தால், ரயில்வே ஊழியரிடம் சொல்லி அனுமதிச் சான்று வாங்கிக்கொண்டு பயணம் செய்யலாம், பிறகு கட்டணத்தைக் கட்டிவிட வேண்டும். ஹால்ட்டில் நிற்கிற ஒரே ரயில்வே ஊழியர் யார்? கொடி பிடித்த நம் கார்டுதான். (சரி, சரி, ட்ரெயின் மேனேஜர்.)

செல்போனில் டிக்கெட் எடுப்பதும் நல்ல ஏற்பாடுதான். சென்னைப் புறநகர் ரயிலில் 2015-லேயே வந்துவிட்டது. ஆனால், ஏஜென்ட் இருக்கிற ஹால்ட்டில் அவர் கையால் வாங்குங்கள். போனில் வாங்கினால் அவருக்குக் கமிஷன் கிடையாது. கமிஷன் இல்லாவிட்டால் நாளைக்கு அவர் கிடையாது. அவர் இல்லாவிட்டால் கவுண்டர் கதவு கிடையாது. அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாம் கிடையாது.

மாம்பலம், சைதாப்பேட்டை, மயிலாப்பூர் என்று குடியேறிவிட்ட நம்மில் பாதிப் பேருக்கு சொந்த ஊர் என்பது இப்படி ஒரு மஞ்சள் போர்டுதான். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் போகிறோம். டவுன் ஸ்டேஷனில் இறங்கி, ஐந்நூறு ரூபாய் கொடுத்து டாக்ஸி பிடித்து, தார் ரோட்டில் ஊர் போய்ச் சேருகிறோம். போகிற வழியில் அந்த ஸ்டேஷனைக் காட்டி, 'அந்தக் காலத்துல நாங்க இங்கேதான் ரயிலேறுவோம்' என்று பிள்ளைகளிடம் பெருமூச்சு விடுகிறோம். பெருமூச்சுக்கு நம்பர் போட்ட சீட்டு கிடையாது, ஸார். ஃபைலில் ஏறாது.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, டவுனிலிருந்து அந்தப் பாசஞ்சரில் ஏறி உங்கள் ஹால்ட்டில் இறங்குங்கள். திரும்பும்போது அங்கேயே டிக்கெட் வாங்குங்கள். குடும்பத்தில் நாலு பேர் என்றால் நாலு டிக்கெட். நாற்பது ரூபாய். ஒரு ஃபில்டர் காப்பி விலை.

மாஸ்டர் இல்லாத ஸ்டேஷனுக்கு மாஸ்டர் யார் என்று இன்னுமா கேட்கிறீர்கள்? டிக்கெட் வாங்குகிறவர்தான்!